கடவுள் மெல்லச் சேர்த்த காற்று



ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் நம் வீடுகளில் ஒரு பழக்கம் தொற்றிக்கொள்கிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புமுன் கைப்பேசியை எடுத்து, இன்று காற்றின் மாசுக் குறியீடு எவ்வளவு என்று பார்க்கிறோம். நூறைத் தாண்டினால் முகக்கவசத்தைத் தேடுகிறோம். இழுப்பு உள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில் சன்னல்களைச் சாத்துகிறோம். ஒரு நல்ல மழை பெய்து புகை அடங்கியதும் காற்று என்று ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறோம்.

மூத்தவர்களுக்கு 2005 மறந்திருக்காது. அந்த ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் மலேசிய அரசாங்கம் இரண்டு இடங்களில் புகைமூட்ட அவசரகாலத்தை அறிவித்தது. ஒன்று போர்ட் கிள்ளான், மற்றொன்று நம் கோலசிலாங்கூர். குறியீடு 500-க்கு மேல் போயிருந்தது. பள்ளிகளையும் அலுவலகங்களையும் மூடினார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் சுமத்ராவில் எரிந்த காட்டின் புகை, தொழில் செய்பவர், நோயாளி, பச்சைக் குழந்தை என்று பார்க்காமல் எல்லார் நெஞ்சுக்குள்ளும் இறங்கியது. இரண்டு நாளில் நிலைமை தணிந்து அவசரகாலம் நீங்கியது. அந்த இரண்டு நாளும் மூச்சு விடுவது ஒரு வேலையாகவே இருந்தது.

இன்று உங்களிடம் ஒன்று கேட்க விரும்புகிறேன். நாம் விலை கொடுக்காமல், நன்றி சொல்லாமல் இழுத்து விடுகிறோமே, இந்தக் காற்று எங்கிருந்து வந்தது? கடவுள் தந்தார் என்பீர்கள். ஆம், அவர்தாம் தந்தார். எவ்வளவு காலம் எடுத்துக்கொண்டு தந்தார் என்று எப்போதாவது நினைத்துப் பார்த்திருக்கிறோமா?

தொடக்க நூலின் முதல் பக்கத்தில் தண்ணீரின்மேல் கடவுளின் ஆவி உலவியதாகக் கேட்கிறோம். பூமி உருவாகிச் சுமார் 450 கோடி ஆண்டுகள் ஆகின்றன. அதில் ஏறக்குறைய முதல் பாதிக் காலம் முழுவதும் இங்கே மனிதனோ மாடோ ஒரு மூச்சுகூட விட்டிருக்க முடியாது. எரிமலைகள் கக்கிய நீராவி இருந்தது, கரியமில வாயு இருந்தது, நைட்ரஜன் இருந்தது. நமக்கு வேண்டிய ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை. அந்நாளைய கடலில் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்கள் தோன்றின. மழைக்காலத்தில் லயத்து வாசல் சிமெண்டில் வழுக்குமே நீலப்பச்சைப் பாசி, அதன் மூதாதைகள். அவை வெயிலைக் குடித்து, கரியமில வாயுவை எடுத்து, ஆக்சிஜனை வெளியே விட்டன.

ஆனால் அந்த ஆக்சிஜன் வானத்துக்குப் போய்ச் சேரவில்லை. கடல் நீரில் கரைந்திருந்த இரும்பு அதைப் பிடித்துக்கொண்டது. துருவாக மாறி அடியில் படிந்தது. கோடி கோடி ஆண்டுகள் இப்படியே போயின. சேலம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம் பங்கில் இருக்கிறீர்கள். உங்கள் பாட்டனாரின் ஊருக்கு அருகே கஞ்சமலை என்று ஓர் இரும்பு மலை உண்டு. அதன் பாறைகளும் அந்தப் பழங்காலக் கடலில் அடுக்கடுக்காகப் படிந்து, பிறகு பூமிக்குள் வெந்து உருமாறியவையே. கடைசியில் இரும்பின் பசி ஓரளவு அடங்கியது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன்பு முதன்முதலாகக் காற்றில் ஆக்சிஜன் தங்கத் தொடங்கியது. அப்போதும் கொஞ்சம்தான். விலங்குகள் ஓடியாடும் அளவுக்கு அது உயர இன்னும் நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

பத்து ஆண்டுகளாகச் செபிக்கிறேன் ஃபாதர், மகன் இன்னும் குடியை விடவில்லை என்று என்னிடம் வந்து அழும் தாய்மார்களை நினைத்துக்கொண்டே இதைச் சொல்கிறேன். அந்தப் பாசி விட்ட மூச்சு முழுவதும் நெடுங்காலம் துருவாகவே போனது. வெளியிலிருந்து பார்த்தவருக்கு ஒன்றும் நடக்காதது போலத்தான் தெரிந்திருக்கும். கடவுளின் கணக்கில் ஒரு மூச்சும் வீணாகவில்லை. உங்கள் செபமும் வீணாகவில்லை, அம்மா.

இன்னொரு காரியமும் நடந்தது. அதுவரை வாழ்ந்த உயிர்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆக்சிஜன் நஞ்சு. புதிய காற்றில் அவற்றால் இருக்க முடியவில்லை. அவை என்ன ஆயின? ஆற்று முகத்துவாரத்து அலையாத்திக் காட்டில் நடந்திருப்பீர்கள். சேற்றில் கால் புதைந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். காற்றுப்படாத அந்தக் கறுப்புச் சேற்றுக்குள் அதே பழைய வழியில் வாழும் நுண்ணுயிர்கள் இன்றும் இருக்கின்றன, அந்த நாற்றம் அவற்றுடையது. உலகம் மாறியபோது கடவுள் அவற்றுக்கும் ஓர் இடம் ஒதுக்கி வைத்தார். தோட்டம் மூடப்பட்டு, லயம் இடிக்கப்பட்டு, எங்கே போவது என்று தெரியாமல் நின்ற குடும்பங்கள் நம்மில் உண்டு. சேற்றுக்குள் இருக்கும் கிருமிக்கு இடம் பார்த்தவர் உங்களை மறப்பாரா?

மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்பார்கள்: விவிலியம் ஆறு நாள் என்கிறது, நீங்கள் கோடி ஆண்டுக் கணக்குச் சொல்கிறீர்களே? நல்ல கேள்வி. ஆயிரம் ஆண்டுகள் கடவுளுக்குக் கடந்துபோன நேற்றைப் போல என்று பாடிய திருப்பாடல் ஆசிரியர் அதற்கு எப்போதோ வழி சொல்லிவிட்டார். பாறை அடுக்குகளில் கீழே கிடப்பது முந்தியது, மேலே கிடப்பது பிந்தியது என்று 1669-இல் எழுதி, நிலவியல் என்ற படிப்புக்கு அடித்தளம் போட்டவர் நிக்கோலஸ் ஸ்டெனோ. டென்மார்க்கில் பிறந்தவர். பின்னாளில் ஆயரானார். 1988-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு அருளாளர் பட்டம் அளித்தார். பாறையைப் படித்ததால் அவர் விசுவாசம் குறையவில்லை. பிள்ளைகள் அறிவியல் படிப்பதைப் பார்த்துப் பயப்படும் பெற்றோர் இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, ஆக்சிஜன் வந்தது. அந்தப் பழைய கரியமில வாயு எங்கே போயிற்று? பெருநாளுக்கு முன்பு லயத்துச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள். ஈரமாகப் பூசிய சுண்ணாம்பு எப்படி இறுகுகிறது? காற்றில் உள்ள கரியமில வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மறுபடியும் கல்லாகிறது. இதையே கடல் பெரிய அளவில் செய்தது. மழை பாறையைக் கரைத்தது, ஆறு அதைக் கடலுக்குக் கொண்டுபோனது, காற்றிலிருந்த கரி அங்கே சுண்ணாம்புக் கல்லானது. நம் உறவினர்கள் தைப்பூசத்துக்குக் காவடி எடுத்து ஏறும் பத்துமலை அப்படிப்பட்ட கல்தான், 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தியது. அந்த மலைக்குள் அடைந்து கிடப்பது ஒரு காலத்தில் காற்றாக இருந்த கரி.

இப்படி நடக்காமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வெள்ளிக் கோளைப் பாருங்கள். அளவில் பூமியின் உடன்பிறப்பு. அதன் காற்றில் 96 விழுக்காடு கரியமில வாயு, தரையின் வெப்பம் ஈயத்தை உருக்கிவிடும். செவ்வாய்க்கோ காற்றே சொற்பம், இருந்ததில் பெரும்பகுதி விண்வெளிக்குப் போய்விட்டது. நடுவில் நாம். கடவுளின் இரக்கத்தைப் பற்றிப் பேசும்போது நோய் தீர்ந்ததையும் கடன் அடைந்ததையும் சொல்கிறோம். நாம் பிறக்குமுன்பே, கேட்குமுன்பே, கல்லுக்குள்ளும் மண்ணுக்குள்ளும் கரியைப் பூட்டி வைத்து நமக்கென்று ஒரு காற்றைப் பதமாக்கிய இரக்கத்துக்கு எப்போது நன்றி சொல்லப்போகிறோம்?

சகோதர சகோதரிகளே, கரியைப் பூட்டி வைத்த இடங்களில் இரண்டு நம் வாசலிலேயே இருக்கின்றன.

ஒன்று பத்து ஆராங். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பு சதுப்பில் விழுந்த மரங்கள் அங்கே நிலக்கரியாயின. 1915 முதல் 1960 வரை அதைத் தோண்டினார்கள். ரயிலுக்கும் வெள்ளீயச் சுரங்கங்களுக்கும் அந்தக் கரி போனது. சீனத் தொழிலாளர்களோடு நம் ஆட்களும் அதில் இறங்கி உழைத்தார்கள். 

மற்றொன்று ராஜா மூசா, சுங்கை காராங் காடுகள் நிற்கும் கம்புட் என்ற சதுப்பு நிலம். வட சிலாங்கூரில் அது 70 ஆயிரம் ஹெக்டேருக்கும் அதிகம். தஞ்சோங் காராங் வயல்களுக்குப் போகும் தண்ணீரை அது தன்னுள் தேக்கி வைத்து விடுகிறது. அங்கே இலை விழும், கிளை விழும், ஆனால் முழுதாக மக்காது. தண்ணீருக்கடியில் காற்றுப் புகாததால் அப்படியே கறுப்பாகச் சேரும். ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர், சில இடங்களில் சற்றுக் கூடுதல். ஒரு மீட்டர் ஆழம் சேர ஆயிரம் ஆண்டுகூட ஆகும். உலகத்தின் நிலப்பரப்பில் இத்தகைய மண் 3 விழுக்காடுதான். ஆனால் உலகத்துக் காட்டு மரங்கள் எல்லாவற்றிலும் இருப்பதைவிட அதிகமான கரி அதற்குள் இருக்கிறது.

உங்கள் சம்பளத்தில் மாதாமாதம் இ.பி.எஃப். என்ற சேமநிதிக்குப் பிடிக்கிறார்கள். பிடிக்கும்போது வலிக்கும், வயதான காலத்தில் அதுதான் சோறு. முப்பது ஆண்டு சேர்ந்ததை எடுத்து ஒரே மாதத்தில் முடித்துவிட்ட வீடுகளை நமக்குத் தெரியும், பெயர் சொல்ல வேண்டாம். கம்புட் நிலம் படைப்பின் இ.பி.எஃப்.

அந்தச் சேமிப்பை எப்படி எடுத்தோம்? மரம் வெட்டி இழுத்து வரக் கால்வாய் வெட்டினார்கள். தண்ணீர் வடிந்தது. தண்ணீர் இறங்கிய இடத்தில் காற்று புகுந்தது. ஐயாயிரம் ஆண்டு மக்காமல் கிடந்தது, தீ இல்லாமலே எரிவதுபோலக் கரைந்து, கரியமில வாயுவாக வானத்துக்கு ஏறத் தொடங்கியது. கம்புட் மண்ணில் செம்பனை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மண் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் தாழ்கிறது, வேர் வெளியே தெரிகிறது, மரம் ஒருபக்கமாகச் சாய்கிறது. குலை வெட்டப் போகிறவர் சாய்ந்த மரத்தைத்தான் பார்க்கிறார். அந்த மண் எங்கே போயிற்று என்று அண்ணாந்து பார்ப்பதில்லை. காய்ந்த கம்புட்டில் தீ பிடித்துவிட்டாலோ அது அடியில் ஓடும், வாரக்கணக்கில் புகையும், மேலே எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் கேட்காது.

ஐஸ் பாளங்களுக்குள் சிக்கிய பழைய காற்றுக் குமிழிகளை எடுத்துச் சோதித்திருக்கிறார்கள். எட்டு இலட்சம் ஆண்டுகளாகக் கரியமில வாயு, காற்றின் பத்து இலட்சம் பங்கில் 300-ஐத் தாண்டவில்லை. ஆலைகள் வருமுன் 280. ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958-இல் அளக்கத் தொடங்கியபோது 315. இப்போது 420-க்கு மேல். பூமி இதைவிட அதிகக் கரியையும் பார்த்திருக்கிறது, உண்மைதான். சுமார் 25 கோடி ஆண்டுகளுக்கு முன்பு சைபீரியாவில் எரிமலைக் குழம்பு நிலக்கரிப் படுகைகளையும் எரித்துக்கொண்டு மேலே வந்தது. கடல்வாழ் உயிரினங்களில் பெரும்பாலானவை அழிந்தன. பூமி பிழைத்துக்கொண்டது. அதில் வாழ்ந்தவற்றில் பல பிழைக்கவில்லை. கடவுள் அவசரமில்லாமல் சேர்த்ததை நாம் அவசரமாகக் கொட்டுகிறோம். இதைப் பாவம் என்று சொல்லத் தயங்க மாட்டேன்.

யாருடைய பாவம்? இங்கேதான் நான் நிதானமாகப் பேச வேண்டும். இந்த நாட்டிலேயே வாணிபத்துக்காக முதன்முதலில் செம்பனை நட்டது 1917-இல், பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோக்கோனியே. குழி வெட்டியது, களை எடுத்தது, குலை சுமந்தது நம் ஆட்கள். எங்கே வடிகால் வெட்டலாம், எந்தக் காட்டைத் திறக்கலாம் என்று அவர்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. புகைமூட்டம் வந்தால் குளிரூட்டிய அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ள அவர்களுக்கு வசதியும் இல்லை. உதிரிப்பழம் பொறுக்கும் அம்மாவையும், வரைபடத்தில் கோடு போட்டுச் சதுப்பை வடித்தவரையும் ஒரே தராசில் நிறுத்த ஆண்டவர் அநீதியானவர் அல்லர். ஆகவே இந்த மறையுரையைக் கேட்டுவிட்டு ஏழைத் தொழிலாளி தலைகுனிந்து வீட்டுக்குப் போக வேண்டாம். முடிவெடுக்கும் நாற்காலியில் இருப்பவர்கள், பங்கு இலாபம் வாங்குபவர்கள், நம் பிள்ளைகளில் மேலாளராக உயர்ந்தவர்கள், நீங்கள் கொஞ்சம் குனியத்தான் வேண்டும். எல்லார் வீட்டுப் பின்புறத்திலும் குப்பை எரிகிறது என்பதையும் நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

குனிந்தவரைத் தூக்கிவிடுவது ஆண்டவரின் வழக்கம். நம்புவதற்குக் காரணம் இருக்கிறது. நம்மைச் சூரியனின் கொடிய கதிரிலிருந்து காக்கும் ஓசோன் படலம், நான் சொன்ன அந்தப் பழைய ஆக்சிஜனிலிருந்து உண்டானது. குளிர்சாதனப் பெட்டியில் பயன்படுத்திய வாயுக்களால் அதை மெலியச் செய்தோம். 1987 செப்டம்பர் 16-ஆம் நாள் மொன்றியல் நகரில் நாடுகள் ஒப்பந்தம் செய்து, அந்த வாயுக்களைப் படிப்படியாக நிறுத்தின. நம் மலேசிய தினத்தன்று நடந்திருக்கிறது பாருங்கள்! இன்று படலம் மெல்லத் தேறி வருகிறது. மனிதர்கள் ஒன்றாக மனந்திரும்பினார்கள், வானம் ஏற்றுக்கொண்டது.

ராஜா மூசாவிலும் 2008 முதல் மாநில வனத்துறையும் உலகச் சுற்றுச்சூழல் மையம் என்ற அமைப்பும் சேர்ந்து பழைய கால்வாய்களை அடைத்து வருகின்றன. அடைத்ததும் தண்ணீர் மட்டம் ஏறுகிறது, மண் நனைகிறது, தீ குறைகிறது. எரிந்த இடத்தில் மஹாங் கன்று நடுகிறார்கள். பக்கத்துக் கிராமத்து மக்கள் அதில் சேர்ந்து உழைக்கிறார்கள். பெரும்பாலோர் இஸ்லாமியச் சகோதரர்கள். படைப்பைப் பேணும் கடமை நமக்கும் உண்டு என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் ‘லவுதாத்தோ சி’ மடலை எழுதியபோது, காலநிலை எல்லாருக்கும் பொதுவான சொத்து என்று நினைவூட்டினார். இளம் வயதிலேயே நுரையீரலில் ஒரு பகுதியை இழந்த மனிதர் அவர். மூச்சின் அருமை தெரிந்து எழுதியிருக்கிறார்.

கதவுகளைப் பூட்டிக்கொண்டு பயந்து கிடந்த சீடர்கள் நடுவே உயிர்த்த ஆண்டவர் வந்து நின்றார். கண்டிக்கவில்லை. அமைதி சொல்லி, அவர்கள்மேல் ஊதினார். பாவமன்னிப்பின் ஆவியை ஒரு மூச்சாகத் தந்தார். அந்த மூச்சைப் பற்றி இன்னொன்று: காற்றில் ஆர்கான் என்று ஒரு வாயு உண்டு. நூறில் ஏறக்குறைய ஒரு பங்கு. அது எதோடும் எளிதில் சேராது, பாறைக்குள் போகாது, சும்மா உலகைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அறிவியலார் கணக்குப் போட்டால், அன்று எருசலேமில் ஆண்டவர் ஊதிய மூச்சில் இருந்த ஆர்கான் அணுக்களில் சில இந்நேரம் இந்தக் கோயிலுக்குள் இருக்க வேண்டும். விசுவாசத்துக்கு இதை நான் சாட்சியாக வைக்கவில்லை. நமக்கு அதைவிடப் பெரிய சாட்சி நற்கருணைப் பேழையில் இருக்கிறது. ஆனால் மனம் சோர்ந்த நாளில் ஒரு மூச்சை ஆழமாக இழுத்து இதை நினைத்துப் பார்ப்பதில் தவறில்லை.

செப்டம்பர் 1 முதல் அசிசியின் பிரான்சிஸ் திருநாளான அக்டோபர் 4 வரை திரு அவை படைப்பின் காலத்தைக் கொண்டாடுகிறது. இந்த நாள்களில் ஒப்புரவு அருளடையாளத்துக்கு வரும்போது, மண்ணுக்கும் காற்றுக்கும் செய்ததையும் சொல்லுங்கள். நான் திட்டமாட்டேன். தோட்டத்தில் வடிகாலுக்குப் பொறுப்பானவர்கள் கம்புட் நிலத்தில் தண்ணீர் அரை மீட்டருக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இளைஞர்கள் கன்று நடப் போகிறவர்களோடு ஒரு சனிக்கிழமை சேர்ந்து போங்கள். கூட்டிய சருகைக் கொளுத்தாமல் மரத்தடியில் குவியுங்கள். காட்டோரத்தில் புகை கண்டால் தயங்காமல் 999-ஐ அழையுங்கள். யார் வைத்த தீ என்று விசாரிப்பது பிறகு ஆகட்டும்.